மீதிச் சில்லறை

வயதைக் கேட்டால்
பூகம்பங்களை எண்ணத் தொடங்குவாள் தோன்யா எர்மெலிண்டா.
அறுபத்தைந்தில் சமையலறைச் சுவர் போயிற்று.
எழுபத்தொன்றில் கடைக்குட்டி வயிற்றில்.
எண்பத்தைந்தை நானே பார்த்தேன்:
கொதிக்கும் பானையை இரண்டு கையாலும் பிடித்தபடி
ஆடும் தரையோடு தானும் ஆடினாள்.
"வீடு சாய்ந்தால் நிமிர்த்தலாம்,
பதினோரு பேருக்குக் குழம்பு இது."
இரண்டாயிரத்துப் பத்தில் தூங்கிக்கொண்டே இருந்தாளாம்.
அதை மட்டும் நான் நம்பவில்லை.

வால்பரைசோவில், கடல் பார்த்த ஒரு குன்றின் அடியில்,
விஞ்ச் நிலையத்துச் சீட்டுக் கூண்டில்
நாற்பத்தோரு வருடம் உட்கார்ந்திருந்தாள்.
பித்தளைத் தட்டில் காசு விழும் ஓசையிலேயே
யார் வேலை இழந்து வீடு திரும்புகிறான்,
யார் கப்பல்காரனைப் பார்த்துவிட்டு வருகிறாள்
என்று தெரிந்துவிடும்.
தெரிந்தது கூண்டைத் தாண்டியதில்லை.
விரல்களில் எப்போதும் காசு வாடை;
ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சையால் தேய்ப்பாள்,
திங்கட்கிழமை மறுபடி வீசும்.
ஊழியருக்கு இலவசம் என்று எழுதிப் போட்டிருந்தும்
ஒரு நாள்கூடச் சீட்டு வாங்காமல் ஏறியதில்லை.
கணக்கு கணக்குதான் என்பாள்.
கருமி என்று நினைத்தேன், வந்த புதிதில்.
மாமியார் வேறு.

கணவர் சரக்குக் கப்பலின் அடித்தளத்தில் விழுந்து இறந்த அன்று
ஷிப்டை முடித்துவிட்டுத்தான் வீடு வந்தாள் என்று
நாத்தனார்கள் இன்னும் கோபமாகச் சொல்வார்கள்.
என்னிடம் ஒருமுறை சொன்னாள்:
மேலே ஏறிப்போனால் அது உண்மையாகிவிடும்,
அதனால்தான் கீழேயே இருந்தேன்.

அவள் மகன் எலியோதோரோ
எண்பத்தெட்டில் ஒரு பெட்டியோடு போனான்.
நான் என் பெட்டியைக் கட்டினேன்.
வாசலில் நின்று தாழ்ப்பாளைத் திருகிப் பார்த்தவள்
"போனது அவன்.
உனக்கென்ன அவசரம், ரொட்டி ஆறுகிறது" என்றாள்.
எங்கள் ஊர் ரொட்டி நான்காகப் பிளக்கும்.
அன்று முதல் முறுகலான முனை எனக்கு.
பெற்ற பெண்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.
அவள் கவனிக்கவில்லை, அல்லது
கவனித்தாள்.

இந்த நாட்டில் விவாகரத்துக்குச் சட்டம் வருவதற்குள்
எனக்கு நரைத்துவிட்டது.
வந்த மறு வருடம் நீதிமன்றத்துக்கு
ஊதாக் கோட்டும் தொப்பியுமாக உடன் வந்தாள்.
இரண்டு பெஞ்சுகள்.
மகனைப் பார்த்துக் கையசைத்தாள்,
என் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.
கையெழுத்திட என்னிடம் பேனா இல்லை.
கூண்டுக் காலத்துப் பேனாவை எடுத்துக் கொடுத்து
"மூடியைத் தொலைக்காதே" என்றாள்.

கடைசியாக, மருத்துவமனைப் படிவத்தில்
உறவுமுறை என்றொரு கட்டம்.
மருமகள் என்று எழுதினால் பொய்,
முன்னாள் என்று எழுதக் கை வரவில்லை.
பிராணவாயு முகமூடியை ஒதுக்கிக்கொண்டு
செவிலியிடம் அவளே சொன்னாள்:
"என்னுடையவள் என்று எழுதம்மா.
கட்டம் போதாவிட்டால் வெளியே எழுது."

தொண்ணூற்று நான்கு.
படிக்கட்டு குறுகல், சவப்பெட்டி திரும்பாது.
விஞ்சில்தான் இறக்கினோம்,
இருக்கிற ஐந்து பிள்ளைகள், நான்,
கூப்பிடாமலே ஏறிக்கொண்ட தெருநாய் ஒன்று.
பாதி வழியில் மேலே போகும் பெட்டி கடந்தது.
அதில் எரிவாயு சிலிண்டரோடு ஒருத்தி
யாரென்று தெரியாமலே தலை குனிந்தாள்.
ஒன்று இறங்கினால்தான் ஒன்று ஏறும், அந்தக் கம்பியில்.

கீழே கூண்டிலிருந்த பையன்
வேண்டாம் என்று கையசைத்தான்.
விடுவாளா? பலகையைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்துவிடுவாள்.
அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று வைத்தேன்.
பின்னால் எலியோதோரோ, எழுபதை எட்டியவன்,
எல்லாப் பைகளையும் துழாவிக்கொண்டிருந்தான்.
பெரிய நோட்டுதான் இருக்கிறது என்றான்.
அவனுக்கும் சேர்த்துக் கொடுத்தேன்.
மீதிச் சில்லறையைப் பையன் எண்ணாமல் தள்ளினான்.
நான் எண்ணினேன்.